பிலாரோடு எழுமலைக்கு

ஸ்பானிஷ் மொழியில் நான் முதன்முதலாக ஒருவரிடம் வாய் திறந்து பேசியது மதுரை ரயில் நிலையத்தின் நடைமேடையில். அந்த முதல் வாக்கியமே தப்பாகப் போயிற்று.

எண்பதுகளின் தொடக்கம் அது. சிம்மக்கல்லில் அம்மாவோடு குடியிருந்தேன். பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியை வேலை. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே என் கணவர் கானரி தீவுகளுக்குப் போய்விட்டார். ஆப்பிரிக்கக் கரைக்குப் பக்கத்தில் கடலில் கிடக்கும் தீவுகள். ஆனால் ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்தவை. அங்கே லாஸ் பால்மாஸ் என்ற துறைமுக ஊரில், ஒரு சிந்திக்காரர் கடையில் அவருக்கு வேலை. என்னையும் வரச் சொல்லிக் கொண்டே இருந்தார். நான் தள்ளிப்போட்டுக் கொண்டே இருந்தேன். கேட்டவர்களிடம் அம்மாவைத் தனியே விட முடியாது என்றேன். அம்மாவோ, தாராளமாகப் போ என்றுதான் சொன்னாள். பயம் எனக்குப் பாஷையில்தான் இருந்தது. நாள் முழுக்கப் பேசியே சம்பளம் வாங்குகிறவள், அந்நிய ஊர்க் கடையில் போய் உப்பு கேட்கத் தெரியாமல் நிற்பதா என்று இருந்தது.

மெட்ராஸிலிருந்து ஒரு ஸ்பானிஷ் பாடப்புத்தகம் வரவழைத்து, இங்கிலீஷ் வழியாகப் படித்துக் கொண்டிருந்தேன். அப்போதுதான் கணவரிடமிருந்து கடிதம் வந்தது. பக்கத்து வீட்டு பிலார் அம்மா இந்தியாவுக்கு வருகிறாராம். அவருடைய கணவர் நம் உசிலம்பட்டிப் பக்கத்து எழுமலைக்காரர், கப்பலில் வேலை பார்க்கப் போனவர், அந்த ஊரிலேயே தங்கி இவரைக் கட்டிக்கொண்டார், இறந்து இரண்டு வருஷமாகிறது. கணவருடைய அண்ணனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு தூரம் கிளம்பியிருக்கிறார். நீ கூட்டிக்கொண்டு போ, பாஷையும் பழகும் என்று எழுதியிருந்தார்.

மெட்ராஸ் வண்டி வழக்கம்போல் தாமதமாக வந்தது. குள்ளமாக, கொஞ்சம் பருத்த உடம்போடு, கறுப்புக் கவுன் போட்ட ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்மணி இறங்கினார். மூக்கு சிவந்திருந்தது. 'களைப்பாக இருக்கிறதா?' என்று கேட்பதற்கு மூன்று நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். களைப்புக்கு 'கன்ஸாதா' என்று சொல்ல வேண்டும். பதற்றத்தில் நடுவிலிருந்த ஓர் எழுத்தை விழுங்கி 'கஸாதா' என்றேன். அதற்குக் கல்யாணமானவள் என்று அர்த்தம். புருஷனை இழந்து வந்தவரை, வந்து இறங்கியதும், கல்யாணமாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறேன்.

பிலார் தன் விரலில் கிடந்த மோதிரத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "ஆமாம், இன்னும் அப்படித்தான். களைப்பாகவும் இருக்கிறது" என்று நிதானமாகச் சொல்லிச் சிரித்தார். நான் எதைக் கேட்க நினைத்தேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

அடுத்து நடந்ததுதான் என்னை அசைத்துவிட்டது. போர்ட்டரிடம் தன் சாமான்களைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பெட்டிக்கு ஒரு சொல், பைக்கு ஒரு சொல், எல்லாம் ஸ்பானிஷ். கடைசியில் இரண்டு கைகளையும் தட்டிக்கொண்டு, "அம்புட்டுத்தேன்" என்றார்.

போர்ட்டர் தலைச்சுமையோடு நின்றுவிட்டார். "யம்மா, இவுகளுக்கு உசிலம்பட்டிப் பக்கமா?" என்று என்னைக் கேட்டார். மதுரையில் பிறந்து வளர்ந்த எனக்கே அந்தத் 'தேன்' அவ்வளவு அழுத்தமாக வராது. பிலாருக்குத் தெரிந்த தமிழே அந்த ஒரு வார்த்தைதான். சாப்பாடு முடிந்தால், கணக்கு முடிந்தால், சண்டை முடிந்தால் அவர் கணவர் அதைத்தான் சொல்வாராம். கேட்டுக் கேட்டு வீட்டில் அவருக்கும் தொற்றிக்கொண்டது. கடல் தாண்டிப் போன ஒரு எழுமலை வார்த்தை, இருபது வருஷம் ஒரு அந்நிய வாயில் குடியிருந்துவிட்டு, பழுதில்லாமல் திரும்பி வந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிலார் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தான் 'கான்ஸ்திபாதா' என்றார். எனக்கு இங்கிலீஷ் தெரியுமே, மலச்சிக்கல் என்று எடுத்துக்கொண்டேன். ரயிலில் வந்த உடம்பு, பாவம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா உடனே பப்பாளிப் பழம் வாங்கி வந்து, பெரிய பெரிய துண்டாக நறுக்கி வைத்தாள். பிலார் தும்மிக்கொண்டே அத்தனையையும் ரசித்துச் சாப்பிட்டார். வெந்நீரும் கொடுத்தோம். சாயங்காலம் அகராதியைப் புரட்டியபோதுதான், அந்தச் சொல்லுக்கு ஜலதோஷம் என்று பொருள் என்பது தெரிந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு சுக்கு தட்டப் போனாள்.

மறுநாள் கால் போன போக்கில் சிம்மக்கல்லைச் சுற்றினோம். வைகையில் தண்ணீர் இல்லை. மணலில் துணி காய்ந்தது. மொத்தக் கடைகளின் வாசலில் மூட்டை இறக்குகிறவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் கொண்டிருந்ததை பிலார் கவனித்துக்கொண்டே வந்தார். அடிக்கடி காதில் விழும் அந்த 'மாப்ள' என்பது யார் என்று கேட்டார். மகளைக் கட்டியவர் என்றேன். அவர் நின்று, தெருவை ஒரு பார்வை பார்த்தார். மூட்டை தூக்கியவர் மாப்ள, வண்டி ஓட்டியவர் மாப்ள, டீக்கடைக்காரரும் மாப்ள. இந்த ஊரில் எல்லாரும் எல்லாருடைய மகளையும் கட்டியிருக்கிறார்களா என்று கேட்டார்.

நான் விளக்குவதற்குள் அவரே சிரித்துவிட்டார். அவர்கள் நாட்டுத் தெருக்களில் இளவட்டங்கள் ஒருவனையொருவன் 'தீயோ' என்று அழைப்பார்களாம். என் புத்தகம் அந்தச் சொல்லுக்கு மாமா, சித்தப்பா என்று மட்டும்தான் எழுதியிருந்தது. கூட்டாளியையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று எழுதவில்லை. கடைக்காரப் பெண்மணிகள் யாரைப் பார்த்தாலும் 'மி நீன்யா' என்பார்களாம்: என் பிள்ளை என்று அர்த்தம். இங்கே முன்பின் தெரியாத பெண்ணைத் 'தாயி' என்கிறார்களே, அது மாதிரி. எனக்குப் பிரமிப்பாக இருந்தது. இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆனாலும் தெருவில் போகிற ஆளைச் சொந்தக்காரராக்காமல் இரண்டு ஊருமே விடுவதில்லை.

தள்ளுவண்டியில் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். சூடாக, சுக்கும் கருப்பட்டியும் மணக்க, ஒரு மடக்குக் குடித்தவர், "எஸ் லா லெச்சே" என்றார். 'இது பால்' என்கிறார் என நினைத்து, பால் இல்லை, பருத்திக் கொட்டையை ஆட்டி எடுப்பது என்று எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் பாடம் நடத்தினேன். பருத்திக்கும் கொட்டைக்கும் வார்த்தை தேடி நான் பட்ட பாட்டை அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகுதான் சொன்னார்: அவர்கள் பேச்சில் ஒன்றைப் 'பால்' என்றால், அதற்கு மேல் உலகத்தில் ஒன்றுமில்லை என்று பொருளாம். இந்தப் பேச்செல்லாம் எந்தப் பாடத்தில் வரும் என்று கேட்டேன். எந்தப் பாடத்திலும் வராது, துறைமுகத்துக்கு வா என்றார்.

அதற்கடுத்த நாள் காலையில் எழுமலைக்குக் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டில் பிலார் பரபரப்பாக, "வாவா எங்கே, வாவா எங்கே?" என்று கேட்டார். ஸ்பெயினில் பஸ்ஸுக்கு வேறு பெயர். அவர்கள் தீவில் மட்டும் குவாகுவா, வேகமாகச் சொன்னால் வாவா. எங்களுக்கு முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்த கண்டக்டர், தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "வாரேன்மா, டீயக் குடிச்சிட்டு வாரேன்" என்றார். நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் எங்களுக்கு எதிரே கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்குக் கன்னத்தில் மைப்பொட்டு. பிலார் அதன் விரலைப் பிடித்து, "கே மோனோ" என்றார். மோனோ என்றால் குரங்கு. அது என் புத்தகத்தின் மிருகங்கள் பாடத்தில் படத்தோடு இருந்தது. அந்தப் பெண் ஆசையாக என்னைப் பார்த்து, என்ன சொல்றாக என்றாள். நான் கொஞ்சமும் யோசிக்காமல், பிள்ளை அழகா இருக்குதாம் என்று பொய் சொன்னேன். அவள் பூரித்துப்போய்க் குழந்தையை பிலார் மடியிலேயே உட்கார வைத்துவிட்டாள். பின்னால் மெல்லக் கேட்டபோது, பிலார் சொன்னார்: அவர்கள் பேச்சில் மோனோ என்றால் குரங்கும்தான், கொள்ளை அழகும்தான். நான் சொன்ன பொய், வார்த்தை பிசகாத மொழிபெயர்ப்பாக இருந்திருக்கிறது.

செக்கானூரணி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. என்ஜினிலிருந்து புகை. ஆட்கள் இறங்கி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, டிரைவருக்கு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பிலாரைக் காணவில்லை. தேடிப் போனால், ரோட்டோரத்துச் சப்பாத்திக்கள்ளிப் புதர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். சிவப்புச் சிவப்பாகப் பழுத்துக் கிடந்தது. கைக்குட்டையைச் சுற்றிப் பழத்தைத் திருகி, மண்ணில் உருட்டி முள்ளை எடுத்து, தோலை உரித்து, உள்ளே இருக்கும் முள்ளையும் லாகவமாகக் கிள்ளி எறிந்துவிட்டு எனக்கு ஒரு பாதி நீட்டினார். 'தூனோ' என்றார். அவர்கள் தீவின் மலைகளெல்லாம் இந்தக் கள்ளிதானாம்.

அவர் கணவர் முதன்முதலாக அந்த மலைக்குப் போனபோது இதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லையாம். அப்போது இவருக்கு ஏனென்று விளங்கவில்லை. இப்போது சுற்றிலும் கிடக்கும் சிவப்பு மண்ணையும், தூரத்து மொட்டை மலைகளையும், கள்ளிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இங்கிருந்து கிளம்பி உலகமெல்லாம் சுற்றி, திரும்பவும் இதே இடத்துக்கல்லவா வந்திருக்கிறார்" என்றார். நான் எத்தனையோ தரம் போன ரோடு அது. அந்தக் கள்ளியை நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

செங்கல் இறக்கிவிட்டு வந்த ஒரு டிராக்டரில் ஏறி உசிலம்பட்டி போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்து எழுமலையில் இறங்கும்போது வெயில் உச்சியிலிருந்து சாய்ந்திருந்தது.

பிலாருடைய கணவரின் அண்ணன் மாயாண்டியின் வீட்டைக் கேட்டதும் காட்டிவிட்டார்கள். வாசலில் பருத்தி காய்ந்துகொண்டிருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து கயிறு திரித்துக் கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும், நெடிய ஆள். அவர் மனைவி பேச்சியம்மாள் யார் எவர் என்று கேட்காமலே செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடித்ததும் நான் விஷயத்தைச் சொன்னேன்: உங்க தம்பி சோணைமுத்து சம்சாரம் இவங்க, உங்களைப் பாக்கத்தான் வந்திருக்காங்க.

அவர் கை நிற்கவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "எனக்குத் தம்பின்னு யாரும் கெடையாது தாயி. அவன நான் தலை முழுகி எம்புட்டோ வருசமாச்சு" என்றார்.

பிலார் என் முகத்தைப் பார்த்தார். உறவை அறுத்துவிட்டேன் என்பதற்கு எனக்கு ஸ்பானிஷ் வார்த்தை தெரியாது. தலை தெரியும், குளிப்பது தெரியும். அவர் எப்போதோ தலைக்குக் குளித்துவிட்டாராம் என்று அப்படியே சொல்லிவைத்தேன்.

பிலாருடைய கண்கள் நிறைந்துவிட்டன. சாவுச் செய்தி கேட்டால் தலை முழுகுவது எங்கள் ஊர் வழக்கம் என்று கணவர் சொல்லியிருக்கிறார் போலும். யார் மூலமாகவோ செய்தி வந்து, அண்ணன் தம்பிக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, மாயாண்டியைப் பார்த்துக் கைகூப்பி, நன்றி, நன்றி என்றார்.

இந்தம்மா எதுக்கு என்னையக் கும்புடுது என்று மாயாண்டி கேட்டார். இனி மறைக்க வழியில்லை. சோணைமுத்து இறந்து இரண்டு வருஷமாகிறது, அதைச் சொல்லத்தான் இவர் வந்தார் என்று சொன்னேன்.

கயிறு நின்றது. பேச்சியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாயாண்டி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்ஙனயே கெட்டுச் சீரழிஞ்சு போயிட்டானாக்கும் என்று சுவரிடம் சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் குரலைப் புரிந்துகொள்ள பிலாருக்குப் பாஷை தேவைப்படவில்லை. தனக்கு இங்கே இடமில்லை என்று தெரிந்து பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். எதையும் கேட்டு வரவில்லை, உங்கள் தம்பி கடைசி வரைக்கும் உங்களைப் பற்றியே பேசினார், அதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன் என்று ஸ்பானிஷில் சொல்லி, வழக்கம்போல் கைகளைத் தட்டிக்கொண்டு முடித்தார்.

"அம்புட்டுத்தேன்."

மாயாண்டி திரும்பினார். தம்பி மனைவியை முகத்துக்கு நேராகப் பார்ப்பது அவர்கள் பக்கத்தில் வழக்கமில்லை, அவர் பார்த்தார். "இது அவன் பேச்சுல்ல" என்று பேச்சியம்மாள் மெதுவாகச் சொன்னார்.

"இப்பிடிப் பேசச் சொல்லிக் குடுத்தவன், எங்கள எதுக்கு மறந்தான்னு கேளு தாயி" என்றார் மாயாண்டி.

கேட்டேன். மறக்கவில்லையே, எழுதின கடிதமெல்லாம் பிரிக்காமலே திரும்பி வந்ததே, அண்ணனுக்குக் கோபம் என்றல்லவா நாங்கள் நினைத்தோம் என்றார் பிலார். நான்தான் திருப்பி அனுப்பினேன் என்று மாயாண்டி ஒப்புக்கொண்டார். காரணத்தையும் சொன்னார்.

சோணையோடு கப்பலில் இருந்த ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் லீவில் வந்தபோது எழுமலைக்கு வந்திருக்கிறார். சோணை தங்கியிருந்த துறைமுகத்தில் இறங்கி, அவரைத் தேடிக்கொண்டு வீட்டுக்குப் போனாராம். வாசலில் நின்ற ஒரு பெண், அவன் கெட்டவன், ரொம்பக் கெட்டவன், வெளியே வர மாட்டான் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாளாம். அந்நிய ஊர்க்காரியே வாசலில் நின்று கெட்டவன் என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டவனை, அந்தக் கணத்திலிருந்து தம்பி என்று நினைப்பதை விட்டுவிட்டார் மாயாண்டி.

இதை நான் ஸ்பானிஷில் சொல்லிக் கொண்டு வந்தேன். கெட்டவன் என்பதற்கு 'எஸ் மாலோ' என்றேன். பிலார் என் மணிக்கட்டைப் பிடித்தார். எந்த வீடு, எப்படிப்பட்ட கதவு என்று கேட்கச் சொன்னார். மாயாண்டிக்கு அவ்வளவு நினைவில்லை. படியேறிப் போனதாகவும் நீலக் கதவு என்றும் அந்த ஆள் சொன்னதாக ஞாபகம் என்றார்.

பிலார் பையைக் கீழே வைத்துவிட்டு, பேச்சியம்மாளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அந்தப் பெண் அவர்தான். அது அவருடைய அம்மா நடத்திய தங்கும் விடுதி. சோணை டைபாய்டு காய்ச்சலில் மாடி அறையில் நினைவில்லாமல் கிடந்தார். ஒருவரையும் உள்ளே விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தொப்பி வைத்த ஒரு கறுத்த மனிதர் வந்து அரைகுறையாக ஏதோ கேட்டது அவருக்கு நினைவிருந்தது. "நான் 'எஸ் மாலோ' என்று சொல்லவில்லை. 'எஸ்தா மாலோ' என்றுதான் சொன்னேன். எஸ்தா, எஸ்தா" என்று என் மணிக்கட்டைக் குலுக்கிக் குலுக்கிச் சொன்னார்.

என் புத்தகத்தில் அதற்கென்றே ஒரு பாடம் உண்டு. இங்கிலீஷில் ஒரே சொல்லாக இருப்பது ஸ்பானிஷில் இரண்டு. ஒருவருடைய சுபாவத்தைச் சொல்ல 'எஸ்'. இப்போது இருக்கும் நிலைமையைச் சொல்ல 'எஸ்தா'. மாலோ என்ற சொல்லுக்கு முன்னால் முதலாவது வந்தால் கெட்டவன். இரண்டாவது வந்தால் உடம்பு சரியில்லாதவன். துறைமுகக் கடைகளில் நாலு வார்த்தை பொறுக்கிய அந்தக் கப்பல்காரர் காதில் மாலோ மட்டும்தான் விழுந்திருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. பிலாரும் தப்பாகப் பேசவில்லை. நடுவிலிருந்த ஒரு சின்னச் சத்தம் காற்றில் போய்விட்டது.

இதை எப்படித் தமிழில் சொல்வதென்று தவித்தேன். தவித்த வாயில் தானாகவே வந்தது: "கெட்டவன்னு சொல்லலைங்க. உடம்பு கெட்டுக் கெடக்குதுன்னு சொல்லியிருக்காங்க. அவங்க பாஷையிலயும் ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான்."

மாயாண்டி அதை உதட்டுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "அப்ப மேலுக்கு முடியாமக் கெடந்திருக்கான்" என்றார்.

எழுந்தார். கொடியில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலிருந்த கிணற்றுக்குப் போனார். வாளி விழும் சத்தமும், தண்ணீர் தரையில் மோதும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. பேச்சியம்மாள் அப்போதுதான் வாய்விட்டு அழுதார். பிறகு பிலார் கையைப் பிடித்து எழுப்பி, அவரையும் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். ஜலதோஷம் பிடித்தவர் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. இரண்டு பெண்களும் மாறி மாறித் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். பிலாருக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. அவர் எதுவும் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலையில் பேச்சியம்மாள் கேப்பைக் களியும் மிளகாய்த் துவையலும் வைத்தார். வெள்ளைக்காரம்மா வாய் வெந்துவிடப் போகிறதே என்று எனக்குக் கவலை. பிலார் களியை உருட்டி, துவையலில் நன்றாகத் தோய்த்து விழுங்கினார். அவர்கள் தீவில் வறுத்த தானிய மாவைப் பிசைந்து உருட்டித்தான் சாப்பிடுவார்களாம்; பூண்டும் மிளகாயும் அரைத்த சாந்தும் உண்டாம். சோணை அந்த ஊர் உருண்டையை முதல்நாள் சாப்பிட்டுவிட்டு, உங்களுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று சண்டைக்கு வந்தாராம். பேச்சியம்மாள் இன்னொரு உருண்டை வைத்தார்.

வெயில் ஏறும் முன் மாயாண்டி எங்களைப் பருத்திக் காட்டுக்குக் கூட்டிப்போனார். முன்னால் நடந்துகொண்டே, பின்னால் வருகிறவரிடம் என்று காட்டிக்கொள்ளாமல், பருத்திச் செடிகளிடம் பேசுவது போல உரக்கப் பேசினார். இந்தக் கிணற்றில்தான் நீச்சல் பழகினான், இந்தப் புளியமரத்திலிருந்துதான் விழுந்தான், கையில் தழும்பு இருக்கும் என்றார். நான் மொழிபெயர்க்க நெருங்கினேன். அதற்குள் பிலார் தன் இடது முழங்கைக்குக் கீழே ஓரிடத்தைத் தொட்டுக்காட்டினார். மாயாண்டி திரும்பிப் பார்த்து, ஆமாம் என்று தலையசைத்தார். அதற்கப்புறம் நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தமிழில் சொல்ல, இவர் ஸ்பானிஷில் சொல்ல, இரண்டு பேரும் காட்டோரமாக நடந்து போய்க்கொண்டே இருந்தார்கள். மொழியைக் கண்டு இத்தனை நாள் நான் பயந்ததும் உண்மை. அது இல்லாமலும் நடக்கிறது என்று அன்று கண்ணால் கண்டதும் உண்மை.

பஸ் வரும்போது மாயாண்டி என் பக்கத்தில் வந்து நின்றார். என் கணவர் அந்த ஊரில் இருப்பதை முந்தின ராத்திரி சொல்லியிருந்தேன். "நீ அங்கிட்டுப் போறவதானே தாயி?" என்று கேட்டார்.

"போறேன்" என்றேன். எங்கள் வீட்டில் யாரிடமும் நான் அதுவரை அப்படி உறுதியாகச் சொன்னதில்லை.

"அவன் கெடக்குற எடத்தப் பாத்துட்டு, எப்பிடி இருக்குன்னு எனக்கு ஒரு வார்த்த எழுது."

அந்த வருஷமே போனேன். லாஸ் பால்மாஸில் இறங்கிய வாரத்தில் பிலார் என்னைக் கல்லறைக்குக் கூட்டிப்போனார். அங்கே குழி இல்லை. அலமாரியில் அறை அறையாக வைத்ததுபோல் உயரமான சுவரில் வரிசையாக மாடங்கள். ஒவ்வொன்றையும் ஒரு பளிங்குப் பலகை மூடியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கடல். சோணையுடைய பலகையில் அந்தோனியோ என்று பெரிதாக இருந்தது; கல்யாணத்துக்காக மாதா கோயிலில் வைத்த பெயர் அது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு பெயர்.

சோணை என்றுதான் எழுத முயன்றிருக்கிறார்கள். ஆனால் நடுவிலிருந்த இங்கிலீஷ் 'என்' எழுத்தின் தலையில் ஒரு வளைவு போட்டிருந்தார்கள். அந்த வளைவு வந்தால் அது நம் 'ஞ' போல ஒலிக்கும். சோஞே. துறைமுகத்தில் ஒருவருக்கும் 'ணை' வரவில்லை, எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவரும் அதற்கே திரும்பிப் பார்ப்பார் என்றார் பிலார். சொல்லிவிட்டு, என் ஸ்பானிஷ் எந்த அளவில் இருக்கிறது என்று பார்ப்பவர் போல என் முகத்தையே பார்த்தார். சோஞே என்பதை நான் மனதுக்குள் வினைச்சொல்லாகப் பிரித்துப் பார்த்தேன். 'கனவு கண்டேன்.'

அன்றைக்கே மாயாண்டிக்கு எழுதினேன். கடலைப் பார்த்த சுவர், காலை வெயில் நன்றாக விழுகிறது, பூ வைத்திருக்கிறார்கள். பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கிறது; மாறியதால் இந்த ஊர்ப் பேச்சில் அதற்குக் கனவு கண்டேன் என்று அர்த்தம் வருகிறது. சொன்னால் கல்லை மாற்றித் தருவார்கள், மாற்றச் சொல்லட்டுமா என்று கேட்டிருந்தேன்.

யாரையோ எழுதச் சொல்லி அவர் அனுப்பிய பதில் ஒரு மாதம் கழித்து வந்தது. பருத்தி விளைச்சல், மழை, பேச்சியம்மாளின் முழங்கால் வலி எல்லாம் சொன்ன பிறகு கடைசி வரியில் இருந்தது:

"பேரைத் திருத்த வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."